கொலாஜனா, பட்டா, எலாஸ்டினா, பெப்டைடா: திசுப் பொறியியலில் எதைக் கையில் எடுப்பது?

திசுப் பொறியியலில், அதாவது பழுதான திசுக்களுக்கு மாற்றை உருவாக்கும் துறையில், ஆராய்ச்சிக்குச் சேரும் மாணவர் முதல் சில மாதங்களுக்குள்ளேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். செல்கள் ஒட்டி வளர எந்தப் பொருளைக் கொடுப்பது என்ற முடிவு அது. பல ஆய்வகங்களில் அந்த முடிவை யாரும் உட்கார்ந்து யோசித்து எடுப்பதில்லை. சீனியர் எதைச் செய்தாரோ அதே பொருள், அல்லது ஃப்ரீசரில் எது மிச்சம் இருக்கிறதோ அது. அப்புறம் மூன்று நான்கு வருடம் அதோடுதான் பாடு. இடையில் மாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம், ஏனென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் கைப்பழக்கம் வரவே ஒரு வருடம் ஆகிவிடும்.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியின் உடலுக்குள் போகப்போகும் ஒரு பொருளைச் செய்கிறீர்களா, இல்லை செல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்விக்கு விடை தேடுகிறீர்களா என்பதை முதலில் தீர்மானியுங்கள். பொருள் என்றால் இயற்கையிலிருந்து எடுக்கும் புரதங்கள் பக்கம் போங்கள். கேள்வி என்றால் நாமே வரிசை எழுதிச் செய்யும் புரதங்கள் பக்கம் போங்கள். இந்த ஒன்றைக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல உழைப்பு எத்தனையோ வீணாகிறது.

உடலில் செல்கள் தனியாக மிதப்பதில்லை. தாமே பின்னிக்கொண்ட ஒரு புரத வலைக்குள் அவை இருக்கின்றன. தோலுக்கு உறுதியையும் ரத்தக் குழாய்க்கு இழுபடும் தன்மையையும் கொடுப்பது அந்த வலைதான். எங்கே ஒட்டுவது, எப்போது பெருகுவது, எப்போது நிறுத்துவது என்ற சேதியையும் அதுவே செல்லுக்குச் சொல்கிறது. ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகாண்டியும் 1993இல் 'சயன்ஸ்' இதழில் திசுப் பொறியியலை ஒரு துறையாக வரைந்து காட்டினார்கள். அந்த வலைக்கு ஒரு மாற்றைச் செய்வது, அதாவது சாரக்கட்டு கட்டுவது, அன்று முதல் இத்துறையின் முக்கிய வேலை.

புரதங்களைப் பார்த்து அதைச் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன. புரதத்தையே விலங்கிலிருந்தோ பூச்சியிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். கொலாஜனும் பட்டும் அப்படி. புரதத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டை மட்டும் எடுத்து, அதற்கு மரபணு எழுதி, பாக்டீரியாவிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். எலாஸ்டின் போன்ற பாலிபெப்டைடுகள் இந்த வகை. அல்லது பத்துப் பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட சின்னத் துண்டை, அதாவது பெப்டைடை, வேதியியல் முறையில் கோத்து, அது தானாகவே இழையாகக் கூடும்படி விடலாம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கொலாஜன்: நீண்ட அனுபவம், குறைந்த கட்டுப்பாடு

பாலூட்டிகளின் உடலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். இதன் அமைப்பைக் கண்டுபிடித்த கதை சென்னையில் நடந்தது என்பது நமக்குப் பெருமையான விஷயம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைகள்தான் கொலாஜன் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு என்று காட்டின. பக்கத்திலேயே அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோல் பதனிடுவதற்காகத் தொடங்கிய கொலாஜன் அறிவு அங்கே காயங்களுக்கான கொலாஜன் படலங்கள் வரை வளர்ந்திருக்கிறது.

அந்த முறுக்குக் கயிற்றில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். வேறெந்த அமினோ அமிலமும் கயிற்றின் நடுவில் பொருந்தாது. மற்ற இடங்கள் பலவற்றில் புரோலினும், அதில் ஆக்சிஜன் ஏற்றிய ஹைட்ராக்சிபுரோலினும் வருகின்றன. உடல் வெப்பத்தில் கயிறு பிரியாமல் இருப்பதற்கு ஹைட்ராக்சிபுரோலின் வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். ஸ்கர்வி நோயில் ஈறு கரைவது இதனால்தான். தேர்வு செய்பவருக்கு இதில் ஒரு நேரடிச் செய்தி இருக்கிறது: சாதாரண ஈ. கோலை பாக்டீரியாவிடம் அந்த நொதி இல்லை. ஆகவே கொலாஜனின் மரபணுவை மட்டும் கொடுத்து நல்ல கொலாஜனை வாங்கிவிட முடியாது. புகையிலைச் செடியில் நொதியையும் சேர்த்து வைத்து மனித கொலாஜன் எடுக்கிறது இஸ்ரேலின் கோல்பிளான்ட் நிறுவனம். மற்றபடி மாட்டுத் தசைநாண், பன்றித் தோல், எலி வால், மீன் தோல் என்றுதான் போக வேண்டும்.

மருத்துவத்தில் கொலாஜனுக்கு உள்ள அனுபவம் மற்ற எதற்கும் இல்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஜான் பர்க்கும் எம்ஐடியின் அயோனிஸ் யானாஸும் 1981இல் தீக்காயத்துக்கான செயற்கைத் தோலை அறிவித்தார்கள். கீழடுக்கில் மாட்டுக் கொலாஜனும் சுறாமீனிலிருந்து எடுத்த காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டும். மேலே ஒரு மெல்லிய சிலிக்கோன் படலம். காயத்தின் மேல் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் நோயாளியின் சொந்தச் செல்கள் கீழடுக்குக்குள் புகுந்து புதிய உள்தோலை உண்டாக்கும். பிறகு சிலிக்கோனை உரித்துவிட்டு, நோயாளியின் தோலிலிருந்தே எடுத்த மிக மெல்லிய ஒட்டை மேலே வைப்பார்கள். 1996இல் 'இன்டெக்ரா' என்ற பெயரில் அமெரிக்காவின் மருந்து, சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு அனுமதி கொடுத்தது. யானாஸ் குழு சாரக்கட்டின் துளை அளவையும் பார்த்தது. 20 முதல் 120 மைக்ரோமீட்டர் வரை இருந்தால் தோல் நன்றாக மீள்கிறது. அதற்கு வெளியே போனால் வடுவாகச் சுருங்குகிறது. ஒரே புரதம், துளை அளவு மட்டும் வேறு, பலன் வேறு. சாரக்கட்டு செய்கிறவர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வகத்தில் கொலாஜன் ஜெல் செய்வது எளிது. அமிலத்தில் கரைந்த கொலாஜனை ஐஸில் வைத்து, பஃபரையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, செல்களைக் கலந்து 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால் போதும். அரை மணி நேரத்தில் இழைகள் தாமே கூடி, கலங்கிய வெண்மையாகக் கெட்டிப்படும். சிக்கல் அதற்குப் பிறகுதான். இந்த ஜெல் ரொம்ப மெத்தென்று இருக்கும். கொலாஜனைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை உள்ளே விட்டால் அவை இழுத்து இழுத்து ஜெல்லையே சில நாளில் ஒரு சின்ன வட்டாகச் சுருக்கிவிடும். 1979இல் யூஜின் பெல் காட்டியது இதைத்தான். தோல் ஆய்வுக்கு இந்தச் சுருக்கமே ஒரு அளவீடு. வேறு வேலைக்கு அது தொல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு மில்லிலிட்டரில் 2 மில்லிகிராம் இருக்கும் ஜெல்லை 4 மில்லிகிராம் ஆக்கினால் விறைப்பு கூடும். கூடவே செல் ஒட்டும் இடங்களும் இரட்டிக்கும், துளைகளும் சிறுக்கும். செல் வேறு மாதிரி நடந்துகொண்டால் இந்த மூன்றில் எதனால் என்று சொல்ல வழியில்லை. 2006இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷர் குழு, விறைப்பு ஒன்றே தண்டுச்செல்லின் போக்கை மாற்றும் என்று காட்டியது. விறைப்பை அளக்கும் அலகில் 1 கிலோபாஸ்கலுக்குக் கீழே மூளைபோல் மெத்தென்ற தளத்தில் நரம்புச் செல்லின் சாயல். 8 முதல் 17 வரை தசையின் சாயல். 25 முதல் 40 வரை எலும்பின் சாயல். அவர்கள் அந்தச் சோதனையை கொலாஜன் ஜெல்லில் செய்யவில்லை. பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கை ஜெல் தளத்தின் மேல் கொலாஜனைப் பூசிச் செய்தார்கள். விறைப்பை மட்டும் தனியாக மாற்ற வேண்டும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. கொலாஜனில் 'விறைப்பின் விளைவு' என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைக்கும் ஒவ்வொரு மாணவரிடமும் நான் இதைத்தான் சொல்வேன்.

கொலாஜனைச் சூடாக்கிப் பிரித்தால் ஜெலட்டின். முறுக்கு போய்விடும், செல் ஒட்டும் இடங்களும் நொதிகள் வெட்டும் இடங்களும் மிஞ்சும். அதில் மெத்தாக்ரிலேட் குழுக்களை ஏற்றி ஒளியால் கெட்டியாக்கும் முறையை பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர் 2000இல் வெளியிட்டார்கள். அதுதான் இன்று எல்லாரும் சொல்லும் ஜெல்எம்ஏ. 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளி, கொஞ்சம் ஒளித்தூண்டி, சில நொடி, அவ்வளவுதான். செலவு குறைவு, முப்பரிமாண அச்சுக்கும் ஒத்துவரும். செல்லை உள்ளே வைத்து ஏதாவது செய்ய வேண்டும், ஆறு மாதத்தில் முதல் முடிவு வேண்டும் என்றால் இதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே கவனம்: எத்தனை சதவீதம் மெத்தாக்ரிலேட் ஏறியது என்பது தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். ஒவ்வொரு தொகுப்பையும் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியில் பார்த்துக் குறித்து வைக்காவிட்டால் ஜனவரியில் வந்த முடிவு ஜூனில் வராது.

பட்டு: நம் நாட்டுக்கு இயல்பான தேர்வு

என் வாக்கு எதற்கு என்று கேட்டால், சுமை தாங்கும் திசுக்களுக்குப் பட்டுக்குத்தான். உலகப் பட்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. கர்நாடகத்தின் ராமநகரத்திலும் நம் தருமபுரியிலும் பட்டுக்கூடு விற்பதற்கென்றே சந்தைகள் இருக்கின்றன. வெளிநாட்டு ஆய்வகம் தபாலில் தருவிக்கும் மூலப்பொருள் நமக்குப் பேருந்து தூரத்தில் கிடைக்கிறது. எந்த ஊர்க் கூடு, எந்த இனம், எந்தப் பருவம் என்று விவசாயியிடமே கேட்டு எழுதிவைக்க முடிவது சாதாரண வசதி இல்லை.

பட்டு இழையில் இரண்டு புரதங்கள். நடுவில் ஃபைப்ராயின், சுற்றிலும் பசைபோல் செரிசின். கூட்டின் எடையில் கால் பங்கு அளவுக்குச் செரிசின் இருக்கும். அந்தக் காலப் பட்டுத் தையல் நூல்களால் சிலருக்கு ஏற்பட்ட ஒவ்வாமைக்குச் செரிசின்தான் காரணம் என்று கருதப்பட்டதால், முதல் வேலை அதை நீக்குவது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லான் குழு எழுதிவைத்த செய்முறையைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். கூட்டை வெட்டி உள்ளே இருக்கும் புழுவை எடுத்துவிட்டு, 0.02 மோலார் சோடியம் கார்பனேட்டில் அரை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். வெளியே எடுத்துப் பிழிந்து பல தடவை அலசினால் பஞ்சுபோல் ஃபைப்ராயின் மிஞ்சும். அது காய்ந்ததும் 9.3 மோலார் லித்தியம் புரோமைடில் 60 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தால், அத்தனை உறுதியான இழையும் தேன் நிறத்தில் கரைந்து நிற்கும். டயாலிசிஸ் குழாயில் ஊற்றி இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றினால் தெளிந்த பட்டுக் கரைசல் தயார்.

இந்தக் கரைசலை மெதுவாகக் கையாள வேண்டும். வேகமாகக் கலக்கினாலோ சின்ன ஊசியில் அழுத்தினாலோ அங்கேயே கட்டிதட்டிவிடும். பட்டுப்புழுவின் வாயில் நடப்பதும் இதுவேதான்: இழுவிசை பட்டதும் சங்கிலிகள் மடிந்து பீட்டா அடுக்குகளாக இறுகுகின்றன. நாம் வேண்டுமென்றே இறுக்க நினைத்தால் மெத்தனாலில் நனைக்கலாம், நீராவியில் வைக்கலாம், ஒலியலையில் அதிர வைக்கலாம். வேறு குறுக்குப்பிணைப்பு ரசாயனம் எதுவும் தேவையில்லை. குளுட்டரால்டிஹைடு மாதிரி செல்லைக் கொல்லும் பொருளைத் தொடாமலே நீரில் கரையாத சாரக்கட்டு கிடைப்பது பட்டின் பெரிய பலம்.

கொதிக்க வைக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஃபைப்ராயினின் கனச் சங்கிலியின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 390 கிலோடால்டன். நேரம் கூடக்கூடச் சங்கிலி துண்டாகிக்கொண்டே போகும். பத்து நிமிடம் கொதித்த பட்டும் ஒரு மணி நேரம் கொதித்த பட்டும் வேறு வேறு பொருள்கள். உடலுக்குள் கரையும் வேகமும் அவற்றுக்கு வேறு. கட்டுரையில் 'வழக்கமான முறையில் பசை நீக்கப்பட்டது' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறவர்களின் முடிவுகளை மற்றவர்கள் மறுபடி செய்ய முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உறுதி, பிறகு மெதுவான சிதைவு: இவை இரண்டும்தான் பட்டை எடுக்கக் காரணம். முழங்காலின் ஏசிஎல் தசைநாரைப்போல் திரும்பத் திரும்ப இழுபடும் இடத்தில் கொலாஜன் ஜெல் நிற்காது. 2002இல் கிரிகரி ஆல்ட்மனும் கப்லானும் பட்டு இழைகளைக் கம்பிவடம் மாதிரி முறுக்கி, அந்த இடத்துக்கு ஏற்ற சாரக்கட்டைச் செய்தார்கள். திசு தன் வலையைத் தானே பின்ன மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சுமையைத் தாங்கிவிட்டுப் பிறகு விலகிக்கொள்ளும் பொருள் வேண்டும். பட்டு உடலுக்குள் ஓராண்டுக்குள் தன் பலத்தை இழந்து, மெல்ல மெல்லக் கரைகிறது. தோல் காயத்துக்கு அத்தனை தாமதம் தேவையில்லை. அங்கே கொலாஜனே மேல்.

பட்டின் குறை ஒன்றைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். 1984இல் மைக்கேல் பியர்ஷ்பாகரும் எர்க்கி ரூஸ்லாட்டியும், ஃபைப்ரோநெக்டின் என்ற மிகப் பெரிய புரதத்தில் செல் பிடித்துக்கொள்ளும் இடம் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற சின்ன வரிசை என்று காட்டினார்கள். ஆர்ஜிடி என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். மல்பெரிப் பட்டின் ஃபைப்ராயினில் இந்த வரிசை கிடையாது. நம் நாட்டு டசர், மூகா, ஏரிப் பட்டுகளில் உண்டு. ஐஐடி கரக்பூரில் சுபாஸ் குண்டுவின் குழு டசர் பட்டில் பல ஆண்டுகள் உழைத்தது. ஐஐடி கௌஹாத்தியில் பிமன் மண்டலின் குழு அந்த வேலையை மூகா, ஏரி என்று விரித்திருக்கிறது. ஆனால் இந்தக் காட்டுப் பட்டுகள் லித்தியம் புரோமைடில் லேசில் கரையாது. கூடு கட்டத் தயாரான புழுவின் சுரப்பியிலிருந்தே புரதத்தை எடுப்பதுதான் நடைமுறை வழி. அது பருவம் பார்த்துச் செய்கிற வேலை. புழு எப்போது கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு ஆய்வுத் திட்டத்தைப் போட வேண்டும்.

சிலந்தி நூலைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சிலந்திகளைச் சேர்த்து வளர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே பாக்டீரியா வழியாகத்தான் செய்ய வேண்டும். ஜெர்மனியில் பைரோய்ட்டின் தாமஸ் ஷைபல் குழுவும் சுவீடன் குழுக்களும் அதை நன்றாகச் செய்கிறார்கள். அருமையான அறிவியல், ஆனால் மலிவாக மல்பெரிப் பட்டு கிடைக்கும் நாட்டில் முதல் தேர்வாக அதை எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எலாஸ்டின் போன்ற புரதங்கள்: கேள்விக்காரர்களின் பொருள்

பெருந்தமனி ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் விரிந்து சுருங்குகிறது. நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும். இதற்கான எலாஸ்டினை உடல் பெரும்பாலும் சிறுவயதிலேயே செய்து முடித்துவிடுகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 70 ஆண்டுகள். இயற்கையான எலாஸ்டின் கரையாது என்பதால் கையாளுவது கஷ்டம். அதில் திரும்பத் திரும்ப வரும் வேலின், புரோலின், கிளைசின், வேலின், கிளைசின் என்ற ஐந்தின் வரிசையை டான் அர்ரி பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஒரு வினோத குணத்தை விளக்கினார். பொதுவாகப் பொருள்கள் சூட்டில் கரையும். இது குளிரில் கரைந்து, சூட்டில் பிரிந்து வெளியே வருகிறது. நாலாவது இடத்தில் எந்த அமினோ அமிலத்தை வைக்கிறோம், சங்கிலி எவ்வளவு நீளம், உப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்த வெப்பநிலையை மேலும் கீழும் நகர்த்தலாம்.

1999இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டான் மேயரும் அசுதோஷ் சில்கோட்டியும் இதையே சுத்திகரிப்பு முறையாக்கினார்கள். பாக்டீரியாவை உடைத்த குழம்பைக் குளிரில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் தங்கும் குப்பையைத் தள்ளிவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிந்த நீரில் கொஞ்சம் உப்பைப் போட்டுச் சூடாக்கினால் குழாய் பால்போல் வெளுத்துவிடும். அதைச் சூட்டிலேயே சுற்றினால் நம் புரதம் அடியில் உருண்டையாகத் தங்கும். குளிர்ந்த பஃபரில் மறுபடி கரைத்து, இதையே இரண்டு மூன்று சுற்று செய்தால் சுத்தமான புரதம். விலை உயர்ந்த குரோமட்டோகிராஃபி பத்தி எதுவும் வேண்டாம். வசதி குறைந்த கல்லூரி ஆய்வகத்திலும் இதைச் செய்ய முடியும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் அதற்கு முன்னால் மரபணு வேண்டும். ஒரே வரிசை நூறு தடவை திரும்பும் மரபணுவை, டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்க முயன்றால் ஏணிபோல் பட்டைகள் வரும். துண்டு எங்கே ஒட்டியது என்றே தெரியாது. சிறு துண்டுகளைப் படிப்படியாக இரட்டிப்பாக்கி ஒட்டும் முறைகளும், ஒரே அமினோ அமிலத்துக்கு வேறு வேறு கோடான்களை (அதைக் குறிக்கும் மூன்றெழுத்து டிஎன்ஏ குறியீடுகளை) கலந்து எழுதும் முறைகளும் இருக்கின்றன. மூலக்கூறு உயிரியல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் முதல் வருடம் குளோனிங்கிலேயே போய்விடும்.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன கிடைக்கிறது? கொலாஜனில் கிடைக்காத சுதந்திரம். ஸ்டான்ஃபோர்டில் சாரா ஹைல்ஷார்ன் குழு, எலாஸ்டின் வரிசைகளுக்கு நடுவே ஆர்ஜிடி உள்ள துண்டுகளைச் செருகி, ஒட்டும் இடங்களின் அடர்த்தியை ஒரு பக்கமும் விறைப்பை இன்னொரு பக்கமும் தனித்தனியாக மாற்றிக் காட்டியது. ஆர்ஜிடி இருக்கும் புரதம், அதே நீளத்தில் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப்போட்டு ஆர்ஜிடி வேலை செய்யாத புரதம்: இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை சந்தேகமில்லாமல் வரும். 'ஏன்' என்று கேட்கிறவருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

எலாஸ்டின் பக்கம் மருத்துவப் பயனும் இல்லாமல் இல்லை. சிட்னி பல்கலைக்கழகத்தின் அந்தோனி வைஸ், துண்டாக இல்லாமல், எலாஸ்டினின் கரையும் முன்வடிவமான மனித ட்ரோபோஎலாஸ்டினை முழுசாகவே பாக்டீரியாவில் செய்யும் வழியில் வாழ்நாள் உழைப்பைப் போட்டவர். அதை ஒளியால் இறுகும் பசையாக்கி, எலியின் தமனியிலும் பன்றியின் நுரையீரலிலும் காயத்தை அடைத்துக் காட்டிய ஆய்வு 2017இல் வந்தது. மூச்சுக்கு மூச்சு விரியும் நுரையீரலில் தையல் போட்டால் தையல் துளை வழியாகவே காற்று கசியும். திசுவோடு சேர்ந்து விரியும் பசை அங்கே எவ்வளவு தேவை என்பதை அறுவை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

ஈ. கோலையில் செய்யும் எல்லாப் புரதங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு, புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். அதை அளக்காமல் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லில் போட்டு 'இந்தப் பொருள் அழற்சியைத் தூண்டுகிறது' என்று எழுதினால், அளந்தது பொருளையா அழுக்கையா என்று யாருக்கும் தெரியாது. பொதுவான மருத்துவச் சாதனங்களுக்கு எஃப்டிஏ வைத்திருக்கும் வரம்பு, கழுவி எடுக்கும் நீரில் மில்லிலிட்டருக்கு 0.5 அலகு. ஆய்வகத்திலும் அதைக் குறியாக வைத்துக்கொள்வது நல்லது.

பூச்சிகளின் ரெசிலினையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெட்டுக்கிளியின் சிறகு மூட்டில் இருக்கும் ரப்பர் இது. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 2005இல் இதைப் பாக்டீரியாவில் செய்து ஒளியால் இணைத்தது. கொடுத்த ஆற்றலில் 97 சதவீதம் திரும்பி வந்தது. குரல்நாண் போன்று வேகமாக அதிரும் திசுவில் வேலை செய்பவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

தானாகக் கூடும் பெப்டைடுகள்

எம்ஐடியில் ஷுகுவாங் ஜாங், ஈஸ்ட்டின் ஒரு புரதத்தைப் படிக்கும்போது, நேர்மின், எதிர்மின் அமினோ அமிலங்கள் மாறி மாறி வரும் ஒரு துண்டைக் கவனித்தார். அது உப்பு நீரில் தானாக இழையாகக் கூடியது. அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான் ராடா16. அர்ஜினின், அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின் என்ற நாலு நாலு தடவை. 1 சதவீதமோ அதற்கும் குறைவோ பெப்டைடு, மற்றதெல்லாம் தண்ணீர். ஆனாலும் ஜெல்லாக நிற்கும். ரத்தம் பட்டதும் அதிலுள்ள உப்பால் இறுகுவதால், குடல் எண்டோஸ்கோபியில் ரத்தக் கசிவை அடைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஸ்டப், பெப்டைடுக்குக் கொழுப்பு வாலைக் கட்டி நீண்ட நானோ இழைகளாக்கினார். லாமினின் புரதத்தின் ஐந்து எழுத்துச் சேதியை அதன் மேல் வைத்து நரம்புச் செல் வளர்த்தது 2004இல். 2021இல் தண்டுவடம் நசுங்கிய எலிகளுக்கு இந்த வகை இழைகளை ஊசியில் செலுத்தி, சில வாரங்களில் அவை நடப்பதைக் காட்டினார்கள். இழைக்குள் மூலக்கூறுகள் எவ்வளவு அசைகின்றனவோ அவ்வளவு நல்ல பலன் என்பது அந்த ஆய்வின் புது விஷயம். எலியில் கிடைத்த பலன் மனிதருக்கு எப்போது வரும் என்று அவசரப்பட வேண்டாம். ஆனால் மென்மையான நரம்புத் திசுவுக்கு இந்தப் பொருள்கள் இயல்பாகவே பொருந்துகின்றன.

செலவுதான் தடை. சில மில்லிகிராம் போதும் என்றால் பெப்டைடு வாங்கலாம். எலும்புக் குறையை நிரப்பும் அளவுக்கு வேண்டுமென்றால் கட்டுப்படியாகாது. போதுமான விறைப்பும் வராது. இரண்டு நடைமுறைச் சங்கதிகள்: கம்பெனி அனுப்பும் பெப்டைடில் ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தின் உப்பு ஒட்டியிருக்கும், அதை அசெட்டேட்டாகவோ குளோரைடாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள். ராடா16 கரைசல் நல்ல அமிலம்; செல்லைச் சேர்ப்பதற்கு முன் மீடியத்தைப் பல தடவை மாற்றாவிட்டால் செல் செத்துப்போகும், பழி பொருளின் மேல் விழும்.

முடிவெடுக்கும்போது

காயம், தீக்காயம், தோல் என்றால் கொலாஜன்; அதில் வேறு யோசனையே வேண்டாம். தசைநார், எலும்பு, முழங்கால் சவ்வு என்றால் பட்டு. அச்சிட்டுச் செல்லை வளர்க்கும் வேகமான வேலைக்கு ஜெல்எம்ஏ. ரத்தக் குழாய்க்குப் பட்டின் உறுதியோடு எலாஸ்டினின் நெகிழ்வைச் சேர்க்கும் கலப்புகள் நம்பிக்கை தருகின்றன. நரம்புக்குப் பெப்டைடு. செல்லின் நடத்தைக்குக் காரணம் தேடினால், பணமும் பொறுமையும் இருக்கும்வரை எலாஸ்டின் போன்ற புரதம்.

பொருளை நோயாளி வரை கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மூலத்தைப் பற்றி முதல் நாளே பேசுங்கள். மாட்டுக் கொலாஜனைச் சிலர் ஏற்கமாட்டார்கள், பன்றி ஜெலட்டினை வேறு சிலர் ஏற்கமாட்டார்கள். நம் நாட்டில் இது ஓரமான விஷயம் இல்லை. மீன் கொலாஜன் அந்த இடத்தை நிரப்பலாம். ஆனால் குளிர்கடல் மீன்களின் கொலாஜன் நம் உடல் வெப்பத்துக்கு வெகு கீழேயே பிரிந்துவிடும். வெப்பமான நீரில் வாழும் மீன்களுடையது பரவாயில்லை, அதற்கும் குறுக்குப்பிணைப்பு தேவைப்படும். உடலுக்குள் வைக்கும் சாதனங்கள் இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி பெரும்பாலும் மேல் அபாய வகைகளில் வரும். எந்தப் பண்ணை, எந்த விலங்கு, எப்படிப் பதப்படுத்தினீர்கள் என்ற ஆவணம் அப்போது கேட்கப்படும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் சாதனச் சோதனைக்கான வசதி இருக்கிறது. பொருளை முடித்துவிட்டுப் போவதைவிட, தொடங்கும்போதே அவர்களிடம் பேசுவது வேலையை மிச்சப்படுத்தும்.

எதை எடுத்தாலும் பக்கத்தில் சாதாரண கொலாஜன் ஜெல்லை ஒரு ஒப்பீடாக வையுங்கள். மேட்ரிஜெல்லை மட்டும் ஒப்பீடாக வைத்து நிறுத்திவிட வேண்டாம். எலியின் ஒரு புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கும் கலவை அது. லாமினினும் நாலாம் வகை கொலாஜனும் அதில் அதிகம், கூடவே வளர்ச்சிக் காரணிகளும் இருக்கும். ஒரு பேட்ச் மாதிரி அடுத்தது இருக்காது. அதைத் தவிர்க்க முடியாவிட்டால், முழு ஆய்வுக்கும் போதுமான அளவை ஒரே பேட்ச் எண்ணில் வாங்கி, சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவைத்துக்கொண்டு, அந்த எண்ணைக் கட்டுரையில் எழுதுங்கள்.